முதுகில் யார் பெயர்?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்

"ஆள் பாதி, ஆடை பாதி" என்பது நம் முன்னோர் வாக்கு. அந்த ஆடைப் பாதியில் முக்கால்வாசியை ஒரு ஜவுளிக் கடையின் பெயர் பிடித்துக்கொண்டால், மீதி இருக்கும் ஆள் எவ்வளவு? கணிதத் துறை நண்பர்கள் சிரிக்க வேண்டாம். சென்ற ஆண்டு இக்கல்லூரியில் சேர்ந்த இரண்டாம் வாரத்திலேயே என்னைத் தூங்கவிடாமல் செய்த கேள்வி இது.

பள்ளியில் இப்படி ஒரு கேள்வி எழ வழியில்லை. எட்டாம் வகுப்பு வரை அரசு கொடுத்த சீருடை. அதன்பின் அதே நிறத்தில் அம்மா துணி எடுத்துத் தைத்துக் கொடுத்த சீருடை. மில் முதலாளி மகனும் நானும் ஒரே நிறத்தில் வரிசையில் நின்றோம். கல்லூரியில் சீருடை இல்லை. இதைச் சுதந்திரம் என்று பலர் கொண்டாடினார்கள். எனக்கோ வாரத்தில் ஐந்து நாளுக்கு ஐந்து உடுப்பு வேண்டுமே என்ற பயம்தான் முதலில் வந்தது.

அப்போது ஆடித் தள்ளுபடி நேரம். நகரத்துக் கடை ஒன்றின் வாசலில் டீ சர்ட்டுகளைக் குவித்து வைத்து, ஒன்று 99 ரூபாய் என்று விற்றார்கள். மார்பில் சிறிதாகவும் முதுகில் பெரிதாகவும் அந்தக் கடையின் பெயர். உள்ளே எழுத்தில்லாத டீ சர்ட் 220 ரூபாய். நான் வாசலோடு திரும்பிவிட்டேன், இரண்டு எடுத்துக்கொண்டு.

மறுநாள் வகுப்பில் பின் வரிசை நண்பர் ஒருவர், "அண்ணாச்சி, பட்டுச்சேலை எந்த மாடியில இருக்குதுங்க?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். அன்றிரவு தங்கையின் நகச்சாயம் நீக்கும் திரவத்தை எடுத்து வைத்துக்கொண்டு முதுகு எழுத்தைத் தேய்க்க உட்கார்ந்தேன்.

வேதியியல் மாணவன் செய்யத் தகாத காரியம் அது. எழுத்து கரைந்து ஓடவில்லை. ஊறி, இளகி, இழுபட்டு, பாதி போய்ப் பாதி நின்றது. முன்பு கடையின் பெயராக இருந்தது இப்போது கடையின் பெயரைத் திருட்டுத்தனமாக அழிக்கப் பார்த்த ஒருவனின் பெயராக ஆகிவிட்டது. ஏன் போகவில்லை என்பதைப் பின்னர் திருப்பூரில் பிரிண்டிங் பட்டறையில் வேலை பார்க்கும் என் சித்தப்பாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நம் பாடத்தோடு ஒட்டிய செய்தியாதலால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

துணிக்குச் சாயம் ஏற்றுவது வேறு, துணி மேல் எழுத்து அச்சிடுவது வேறு. சாயம் நூலிழைக்குள் புகுந்து அதனோடு பிணைகிறது. இவ்வகை டீ சர்ட்டில் இருப்பதோ பெரும்பாலும் 'பிளாஸ்டிசால்' எனப்படும் மை. நாம் குழாய்க்குப் பயன்படுத்தும் அதே பி.வி.சி.யின் நுண்துகள்களை, அதை இளக்கும் எண்ணெய் போன்ற திரவத்தில் கலந்த கூழ் அது. சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய வலையில் எழுத்து வடிவம் மட்டும் திறந்திருக்கும். ரப்பர் பட்டையால் கூழை இழுத்தால் அந்த வழியாகத் துணியில் இறங்கும். பிறகு ஏறக்குறைய 160 டிகிரி வெப்பத்தில் காட்டினால் துகள்கள் ஒன்றோடொன்று உருகிச் சேர்ந்து, நூலிழைகளைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு ஒரு தோல் போல உறைந்துவிடும். அதாவது, எழுத்து துணியில் ஊறியிருக்கவில்லை. துணி மேல் ஒரு பிளாஸ்டிக் தோலாகப் படுத்திருக்கிறது. இஸ்திரிப் பெட்டியை நேராக வைத்தால் பெட்டியில் ஒட்டிக்கொள்வதும் இதனால்தான்.

கெட்டுப்போன சட்டையை வீணாக்காமல், அதில் பத்து செ.மீ.க்குப் பத்து செ.மீ. ஒரு சதுரம் வெட்டி, ஆய்வக உதவியாளர் அண்ணனிடம் அனுமதி பெற்று நம் தராசில் எடை போட்டேன். 1.34 கிராம். நூறால் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கு 134 கிராம். பனியன் கம்பெனிகளில் 'ஜி.எஸ்.எம்.' என்று பேசிக்கொள்வது இதைத்தான். சித்தப்பாவிடம் சொன்னதும், "விளம்பரத் துணி அவ்வளவுதான் இருக்கும். நாலு துவைப்புக்கு வரும்" என்றார். ஓர் ஓரத்து நூலைத் தீயில் காட்டினேன். சுத்தப் பருத்தியானால் காகிதம் போல் எரிந்து சாம்பலாக வேண்டும். இது பாதி எரிந்து, நுனியில் கறுப்பு மணியாக உருண்டது. பாலியஸ்டர் கலப்பு! பருத்தி, காற்றிலுள்ள ஈரத்தில் தன் எடைக்கு எட்டு விழுக்காடு அளவு இழுத்து வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் அரை விழுக்காடுகூட இழுக்காது. நம் ஊர் சித்திரை வெயிலில் இந்த வேறுபாடு என்ன செய்யும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

ஆக, 99 ரூபாய் என்பது தர்ம விலை அன்று. ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். வாரம் இரு நாள் உடுத்தினால் ஆண்டுக்கு நூறு நாள். பேருந்திலும் கல்லூரியிலுமாக நாளொன்றுக்கு ஐம்பது பேர் என் முதுகைப் பார்த்தால் ஐயாயிரம் பார்வை. அதற்கு எனக்குக் கிடைத்த கூலி, விலையில் குறைந்த 121 ரூபாய். ஒரு பார்வைக்கு இரண்டரைப் பைசாகூட இல்லை. துணி மெலிந்ததைக் கழித்தால் அதுவும் தேறாது. விளம்பரப் பலகை வைப்பவர் இடத்துக்கு வாடகை தருவார்; இங்கே பலகையே காசு கொடுத்துத் தன்னை மாட்டிக்கொண்டது.

துணியோடு பெயரைச் சேர்த்து விற்பது பழைய வழக்கம்தான். சென்ற நூற்றாண்டுக்கும் முந்தைய நூற்றாண்டிலேயே, மான்செஸ்டர் வணிகர்கள் இந்தியாவுக்கு அனுப்பிய துணிக்கட்டுகளில் நம் தெய்வங்களின் வண்ணப் படம் அச்சிட்ட சீட்டுகளை ஒட்டி அனுப்பினார்கள். சீட்டு துணிக்கட்டோடு சரி. உடுத்துபவர் முதுகுக்கு வரவில்லை. பாரிசில் வொர்த் என்னும் தையற்கலைஞர் தாம் தைத்த உடைகளில் தம் பெயரைப் பொறித்தபோதும் அது உடையின் உட்புறத்தில்தான் இருந்தது. அணிபவருக்கும் தைத்தவருக்கும் மட்டும் தெரிந்த செய்தி அது. 1933-இல் டென்னிஸ் வீரர் ரெனே லகோஸ்த் தம் கம்பெனிச் சட்டையின் மார்பில் முதலையைத் தைத்து வெளியே கொண்டுவந்தார். 1936-இல் லீவைஸ் கம்பெனி கால்சட்டையின் பின் பையில் ஒரு சிவப்பு நாடாவைச் செருகியது, தூரத்தில் வருபவருக்கும் தெரிய வேண்டும் என்றே. 1971-இல் நைக்கி கம்பெனியின் வளைகோட்டை வரைந்தவர் கேரலின் டேவிட்சன் என்ற கல்லூரி மாணவி. அவர் பெற்ற கூலி 35 டாலர். (பின்னர் கம்பெனி அவருக்குப் பங்குகள் கொடுத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

இந்த முதலையையும் வளைகோட்டையும் பற்றித்தான் நண்பர்கள் எனக்கு யோசனை சொன்னார்கள். "சந்தையில 150 ரூபாய்க்கு அதே சின்னம் போட்ட சட்டை கிடைக்குது. அதைப் போடு, ஒருத்தனும் சிரிக்க மாட்டான்." உண்மைதான், சிரிக்க மாட்டார்கள். ஆனால் அது போலி. 2003-இல் நடைமுறைக்கு வந்த 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டப்படி, போலிச் சின்னம் பொறிப்பவருக்கும் விற்பவருக்கும் ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும், ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் வரை அபராதமும் உண்டு. என் 99 ரூபாய்ச் சட்டை எந்தக் கடையிலிருந்து வந்ததோ அந்தக் கடையின் பெயரைத்தான் சொல்கிறது. போலிச் சட்டை, தான் போகாத ஊருக்குப் போய்வந்ததாகச் சொல்கிறது. மெய் சொல்லும் சட்டைக்குக் கேலியும் பொய் சொல்லும் சட்டைக்கு மரியாதையும் கிடைப்பது எனக்கு விளங்கவே இல்லை. போலியை நான் வாங்கவில்லை.

இன்னொரு வேடிக்கையையும் கேளுங்கள். டி.எச்.எல். என்பது உலகெங்கும் பார்சல் கொண்டுசேர்க்கும் கம்பெனி. அதன் ஊழியர்கள் மஞ்சள் உடுப்பில் சிவப்பு எழுத்தோடு வீடுவீடாக அலைகிறார்கள். 2016-இல் வெட்மான் என்ற ஐரோப்பிய நாகரிக உடுப்பு நிறுவனம் அதே மஞ்சள், அதே சிவப்பு எழுத்தோடு ஒரு டீ சர்ட்டை 185 பவுண்டுக்கு விற்றது. அன்றைய மதிப்பில் பதினாறாயிரம் ரூபாய்க்கும் மேல்! 2020-இல் லிடில் என்னும் மலிவு விலைக் கடை தன் சின்னத்தின் நிறங்களிலேயே காலணி செய்து சில்லறை விலைக்கு விற்க, அதை வாங்கியவர்கள் பன்மடங்கு விலைக்கு மறுவிற்பனை செய்தார்கள். வேறு நல்ல உடுப்பு நிறைய வைத்திருப்பவன் கடைப் பெயரை அணிந்தால் அது விளையாட்டு. அது ஒன்றுதான் உடுப்பு என்றிருப்பவன் அணிந்தால் கேலி. எழுத்தும் நிறமும் ஒன்றே. பார்ப்பவர் கண் துணியைப் பார்க்கவில்லை, வேறெதையோ எண்ணிப் பார்க்கிறது.

நம் மஞ்சப்பைக்கு நேர்ந்ததும் இதுதான். ஜவுளிக் கடைப் பெயரோ, கல்யாண வீட்டார் பெயரோ போட்ட அந்தத் துணிப்பையோடு பட்டணத்தில் இறங்கியவரைப் பட்டிக்காட்டான் என்று ஒரு காலத்தில் சிரித்தார்கள். 2021 டிசம்பரில் "மீண்டும் மஞ்சப்பை" என்று அரசே இயக்கம் தொடங்கியது. இப்போது கருத்தரங்குகளில் நம் பேராசிரியர்களுக்கு மஞ்சப்பையில்தான் குறிப்பேடு தருகிறார்கள்.

இதையெல்லாம் எழுதிவிட்டு, எழுதாமல் விட நினைத்த ஒன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

என் தந்தையார் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவர். பெயிண்ட் கம்பெனிகள் கடைக்காரர் மூலம் இவர்களுக்கு ஆண்டுதோறும் டீ சர்ட்டும் தொப்பியும் தரும். எங்கள் வீட்டுக் கொடியில் எப்போதும் மூன்று கம்பெனிகளின் பெயர் காய்ந்துகொண்டிருக்கும். சென்ற ஆண்டு கல்வி உதவித்தொகைக்கு வங்கிப் புத்தக நகல் தேவைப்பட்டபோது, அப்பா வேலைத் தளத்திலிருந்து நேராக அந்த டீ சர்ட்டோடு கல்லூரிக்கு வந்தார். நான் அவரை வாசலிலேயே மறித்து, சைக்கிள் நிறுத்தும் இடத்துக்குப் பின்னால் அழைத்துச் சென்று, காகிதத்தை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டேன். தண்ணீர் குடிக்கிறீர்களா என்றுகூடக் கேட்கவில்லை.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த முறை வந்தபோது, கல்யாணத்துக்கு மட்டும் உடுத்தும் வெள்ளைச் சட்டையில் வந்தார். வேலையை மதியத்தோடு விட்டு, வீட்டுக்குப் போய்க் குளித்து மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார். அரை நாள் கூலி போயிற்று என்பதை அம்மா சொல்லித்தான் அறிந்தேன்.

பிளாஸ்டிசால் பற்றித் தெரிந்துகொண்டபின் ஒருநாள் அப்பாவிடம் கேட்டேன். "ஆமா கண்ணு, எழுத்து இருக்கிற இடத்துல மட்டும் வேர்வை காயவே காயாது. அரிக்கும்" என்றார். இத்தனை ஆண்டும் அது அவருக்குத் தெரிந்திருக்கிறது. "அப்புறம் ஏனுங்கப்பா போடறீங்க?" என்றேன். "நல்ல துணியில பெயிண்ட் பட்டா யாரு வாங்கித் தருவா? இது வேலைக்கு வந்த துணி, வேலைக்குத்தான்" என்றார். அவருக்கு அது மட்டப்பலகை, பிரஷ் போல ஒரு தொழிற் கருவி. கம்பெனிக்கு விளம்பரம் ஆகிறதா, தமக்கு மானம் போகிறதா என்றெல்லாம் அவர் எடை போட்டதில்லை. எடை போட்டவன் நான்தான்.

ஒன்று மட்டும் நான் சொல்லிக் கொடுத்தேன். இம்முறை கடையில் மார்பில் மட்டும் எழுத்துள்ளதைக் கேட்டு வாங்குங்கள், முதுகாவது காற்று வாங்கட்டும் என்றேன். அப்பா கேட்டிருக்கிறார். கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "ஏணி மேல நிக்கிறவருக்கு முதுகுதானுங்க ரோட்டுக்குத் தெரியும். முதுகுல எழுத்தில்லாம கம்பெனி எதுக்குங்க பனியன் குடுக்கிறான்?" என்று கேட்டாராம்.

என்னிடம் மிச்சமிருந்த இன்னொரு 99 ரூபாய்ச் சட்டையைச் செவ்வாய்க்கிழமை ஆய்வக வகுப்புக்கு உடுத்துகிறேன். அமிலம் பட்டாலும் வருத்தமில்லை. பட்டுச்சேலை நண்பர் இப்போதும் கேட்கிறார். "இரண்டாவது மாடிங்க, லிஃப்ட் வேலை செய்யலை" என்று பதில் சொல்கிறேன். இனி வாங்குவதானால், எழுத்து இருக்கிறதா என்பதற்கு முன் துணியைக் கையில் பிடித்து வெளிச்சத்தில் பார்ப்பேன்.

இம்மாதம் தேர்வுக் கட்டணம் கொண்டுவர அப்பா மறுபடி வந்தார். உடுப்பு மாற்ற வேண்டாம், வேலையிலிருந்தே வாருங்கள் என்று நான்தான் சொல்லியிருந்தேன். பெயிண்ட் தெறித்த அந்த நீல டீ சர்ட்டில் அவர் முன்னே நடக்க, நான் பின்னே போனேன். வாசலிலிருந்து வேதியியல் துறை வரை அவர் முதுகில் இருந்த எழுத்தைப் படித்துக்கொண்டே போனேன். துறை வராந்தாவில் அவர் நின்று, பொருக்கு விட்டிருந்த சுவரை உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பார்த்தார்.

"பிரைமர் அடிக்காம அடிச்சிருக்காங்க சாமி" என்றார்.