வானலையிலிருந்து நாடாவிற்கு

நமக்குச் செவிகள் இரண்டு. இடம், வலம் என இரண்டிற்கும் உரிய ஒலிகளைத் தனித்தனியே ஏந்திவருவதே ஸ்டீரியோ. பிரிட்டனில் பி.பி.சி. நிறுவனம் 1991இல் நைகாம் என்னும் டிஜிட்டல் முறையில் தொலைக்காட்சிக்கு ஸ்டீரியோ ஒலியை முறைப்படி வழங்கத் தொடங்கியது. ஆயினும், வானலையில் இரண்டாக வந்த ஒலி பல இல்லங்களின் ஒளிநாடாவில் ஒன்றாகவே பதிந்தது. காரணம் யாது?

பழைய வீடியோ ரெக்கார்டர்கள் பலவற்றின் டியூனர் ஒற்றை ஒலியையே அறியும். அத்தகையோர் நைகாம் டியூனர் உள்ள வேறு கருவியிலிருந்தோ, 1998 முதல் பி.பி.சி. அலைவரிசைகளையும் தந்த டிஜிட்டல் செயற்கைக்கோள் ரிசீவரிலிருந்தோ ஒலியைப் பெறலாயினர். ஆங்கும் ஓர் இடர் உண்டு. ஆன்டெனா கம்பிவழி இணைத்தால், ரிசீவரின் மாடுலேட்டர் இரண்டு ஒலிகளையும் ஒன்றாக்கிவிடும். ஸ்கார்ட் கம்பியே அவற்றைப் பிரித்துக் கொண்டுசெல்லும்.

நாடாவிலும் நுட்பம் உண்டு. வி.எச்.எஸ். நாடா நொடிக்கு ஏறத்தாழ 2.34 செ.மீ. மட்டுமே நகர்வதால், அதன் விளிம்புத் தடத்தில் பதியும் ஒலி மங்கும். ஹை-ஃபை ரெக்கார்டரோ சுழலும் தலைகளால், காட்சிப் பதிவிற்கும் அடியில் ஸ்டீரியோவை ஆழப் பதிக்கும்.

பிரிட்டனில் பழைய அனலாக் ஒளிபரப்பு 2012இல் நின்றது. எஞ்சிய நாடாக்களைக் கணினிக்கு மாற்றுவோர் ஹை-ஃபை கருவியிலேயே அவற்றை இயக்குதல் வேண்டும். இல்லையேல், அரிதின் முயன்று பதித்த ஸ்டீரியோ ஒலி நாடாவினுள்ளேயே அடங்கிப்போகும்.