கடல் வழியே வேதாகம ஊர்கள் – 7: காலையில் எபேசு, மாலையில் பத்மு

ஏதென்ஸில் மார்ஸ் மேடையைப் பார்த்துவிட்டு பிரேயஸ் துறைமுகத்தில் கப்பல் ஏறியதோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன். பிரேயஸிலிருந்து புறப்பட்டு ஏஜியன் கடலைச் சுற்றிவரும் சொகுசுக் கப்பல்களில் சில, ஒரே நாளில் இரண்டு வேதாகம இடங்களைக் காட்டிவிடுகின்றன. காலையில் துருக்கியின் குஷாதாசி துறைமுகம். அங்கிருந்து பேருந்தில் சுமார் 20 கிலோமீட்டர் போனால் எபேசு. மதியம் கப்பல் திரும்பவும் கிளம்பி, பொழுது சாய்வதற்குள் கிரேக்க நாட்டின் பத்மு தீவை எட்டிவிடுகிறது.

வெளிப்படுத்தின விசேஷத்தின் முதல் அதிகாரத்தைப் படித்தவர்களுக்கு இந்த இரண்டு பெயர்களும் சேர்ந்தே நினைவில் நிற்கும். யோவான் இருந்தது பத்முவில். கண்டதை எழுதி அனுப்பும்படி அவருக்குச் சொல்லப்பட்ட ஏழு சபைகளில் முதலாவது எபேசு. கடிதம் போன வழியில் கப்பல் எதிர்த்திசையாகப் போகிறது. கடிதத்தைப் பெற்றவர்களின் ஊரை முதலில் பார்க்கிறோம், எழுதியவரின் தீவைப் பிறகு பார்க்கிறோம். இந்த வரிசை எனக்கு அந்தப் புத்தகத்தையே புதிதாகத் திறந்து காட்டியது.

எபேசுவில் மேல்வாசல் வழியாக நுழைந்து, சரிவான பளிங்குத் தெருவில் இறங்கிக்கொண்டே போக வேண்டும். கூட்டம் எல்லாம் செல்சஸ் நூலகத்தின் முகப்பை நோக்கி விரைகிறது. அழகான கட்டடம்தான், ஆனால் அது 2-ஆம் நூற்றாண்டில் எழுந்தது, யோவானின் கடிதம் வந்தபோது இல்லாதது. அதற்கு முன்பே, தெருவின் மேற்பகுதியில், பலர் நிற்காமல் கடந்துபோகும் ஒரு மேடை இருக்கிறது. பேரரசன் தொமித்தியன் காலத்தில், கி.பி. 89-90 வாக்கில், அரச குடும்பத்தை வழிபட ஆசிய மாகாணத்தார் எபேசுவில் கட்டிய கோயில் நின்ற இடம் அது. அங்கே கிடைத்த பிரம்மாண்டமான சிலையின் தலையும் கையும் மட்டும் எஞ்சியுள்ளன. தொமித்தியனின் சிலை என்று சிலரும், அவன் அண்ணன் தீத்துவின் சிலை என்று சிலரும் சொல்கிறார்கள்.

இந்தத் தொமித்தியனின் ஆட்சிக் கடைசியில்தான் யோவான் தம் தரிசனத்தைக் கண்டார் என்று 2-ஆம் நூற்றாண்டுத் திருச்சபைத் தந்தை இரேனியு எழுதிவைத்தார். பேரரசனைத் தெய்வமாக வணங்கும் கோயில் ஊர் நடுவே உயர்ந்து நிற்கிறது. திருவிழா, பலி, விருந்து என்று நகரமே அதைச் சுற்றி நடக்கிறது. அதில் கலந்துகொள்ளாத கைத்தொழில்காரனும் வியாபாரியும் அண்டை அயலாருக்கு எப்படித் தெரிந்திருப்பார்கள்? மிருகத்தை வணங்குகிறவர்களைப் பற்றி யோவான் எழுதியபோது எபேசு விசுவாசிகளுக்கு விளக்கவுரை எதுவும் தேவைப்பட்டிருக்காது. வீட்டு வாசலைத் தாண்டினாலே அந்தக் கோயில் தெரியும். கி.பி. 96-ல் தொமித்தியன் கொலையுண்டான். கல்வெட்டுகளில் இருந்த அவன் பெயரை எபேசு மக்களே உளியால் செதுக்கி எடுத்துவிட்டார்கள்.

கீழே இறங்கினால் அரங்கசாலை. சுமார் 24,000 பேர் உட்காரக்கூடியது. பவுலின் பிரசங்கத்தால் தியானாளின் வெள்ளிக் கோயில்கள் விற்காமல் போகுமே என்று தட்டான் தெமேத்திரியு கிளப்பிவிட்ட கூட்டம், இரண்டு மணி நேரம் கூச்சல் போட்டது இங்கேதான். படிகளில் ஏறி உட்கார்ந்தால் எதிரே துறைமுகத் தெரு நேராக ஓடுகிறது. அரை கிலோமீட்டர் நீளம். அதன் முடிவில் கடல் இருக்க வேண்டும். இருப்பதோ நாணல் காடு. ஆற்று வண்டல் நூற்றாண்டுகளாகச் சேர்ந்து சேர்ந்து துறைமுகத்தை மூடிவிட்டது. துறைமுகம் தூர்ந்ததும் வாணிபம் போயிற்று, வாணிபத்தோடு ஊரும் தேய்ந்தது.

இந்தத் தெருவில் பிற்காலத்தில் விளக்கெரிந்தது என்று ஒரு கல்வெட்டு சொல்கிறது. பழங்காலத்தில் தெருவிளக்கு கண்ட நகரங்கள் மிகக் குறைவு. எபேசு சபைக்கு வந்த எச்சரிப்பும் விளக்கைப் பற்றியதுதான். உழைத்தார்கள், பொறுமை காத்தார்கள், பொய்யான அப்போஸ்தலர்களைச் சோதித்துக் கண்டுபிடித்தார்கள். ஆனால் ஆதியில் இருந்த அன்பை விட்டுவிட்டார்கள். மனந்திரும்பாவிட்டால் விளக்குத்தண்டு அதன் இடத்தைவிட்டு நீக்கப்படும். 431-ல் திருச்சபையின் மூன்றாவது பொதுச் சங்கம் கூடிய மரியாள் ஆலயம் இன்று கூரையில்லாத சுவர்களாக இருக்கிறது. ஒரு காலத்தில் கிறிஸ்தவ உலகத்தின் பெருநகரங்களில் ஒன்றாக இருந்த ஊரில், ஞாயிறு ஆராதனைக்கு மணியடிக்க அந்த ஊர்ச் சபை என்று ஒன்று இல்லை. அதைப் பார்த்தபோது எனக்குத் துக்கம் வந்தது. மனந்திரும்பச் சொல்லும் வார்த்தையை இவ்வளவு கண்கூடாக வேறெங்கும் நான் கேட்டதில்லை.

அருகே பியுல்பியுல் மலையில் மரியாளின் வீடு என்று வணங்கப்படும் சிறு கல் வீடும் இருக்கிறது. 1967-ல் போப் ஆறாம் பவுல், 1979-ல் இரண்டாம் ஜான் பால், 2006-ல் பதினாறாம் பெனடிக்ட் ஆகியோர் வந்து ஜெபித்த இடம். கத்தோலிக்க யாத்திரிகர்களோடு முஸ்லிம் பெண்களும் அங்கே வந்து மரியம் அன்னையின் முன் கையேந்தி நிற்கிறார்கள்.

மதியம் கப்பலின் மேல்தளத்தில் வேதாகமத்தைத் திறந்தேன். ஏழு சபைகளின் வரிசையைக் கவனியுங்கள்: எபேசு, சிமிர்னா, பெர்கமு, தியத்தீரா, சர்தை, பிலதெல்பியா, லவோதிக்கேயா. எபேசுவில் இறங்கும் தூதன் வடக்கே போய், கிழக்கே திரும்பி, தெற்கே வளைந்து வரும் சாலையில் இந்த ஊர்கள் இதே வரிசையில் வருகின்றன. வில்லியம் ராம்சே என்ற அறிஞர் நூறாண்டுகளுக்கு முன்பே இதை எடுத்துக்காட்டினார். அதாவது, இந்தக் கடிதத்தை யாரோ ஒரு சகோதரன் மடியில் கட்டிக்கொண்டு படகேறி, புழுதிச் சாலையில் நடந்து, சபை சபையாகப் படித்துக் காட்டியிருக்கிறான்.

பதினெட்டாம் அதிகாரத்தைக் கடலின் நடுவில் படிப்பது தனி அனுபவம். மகா நகரம் விழுந்ததைக் கண்டு மாலுமிகள் தூரத்தில் நின்று அழுகிறார்கள். வாங்குவாரற்றுப் போன சரக்குகளின் பட்டியல் வருகிறது: பொன், முத்து, பட்டு, யானைத்தந்தம், இலவங்கப்பட்டை. அன்றைய ரோம உலகத்துக்கு முத்து அனுப்பிய கரைகளில் நம் கொற்கையும் ஒன்று. பட்டியலின் கடைசிச் சரக்கு மனிதர்களே. எபேசு பெரிய அடிமைச் சந்தையாகவும் இருந்தது. அந்தச் சந்தையைக் கண்ணால் பார்த்த ஜனங்களுக்குத்தான் யோவான் இதை எழுதினார்.

பத்மு சிறிய தீவு. சுமார் 34 சதுர கிலோமீட்டர். பெரிய கப்பல் வெளியே நங்கூரமிட, சிறு படகில் ஸ்காலா துறைக்கு வந்து இறங்கினோம். மலைமேல் கோட்டை மாதிரி நிற்பது யோவான் மடம். 1088-ல் பேரரசன் அலெக்ஸியு கொம்னேனு இந்தத் தீவைத் துறவி கிறிஸ்தோதூலுவுக்கு எழுதிக்கொடுத்தான். கடற்கொள்ளையருக்குப் பயந்தே மடத்துக்கு இத்தனை உயர்ந்த மதில். முன்பு அதே உச்சியில் தியானாளின் கோயில் இருந்ததாகச் சொல்கிறார்கள். எபேசுவின் தேவி யோவானுக்கு முன்பே இங்கேயும் வந்துவிட்டிருந்தாள்.

மலையேறும் வழியின் பாதியில் தரிசனக் குகை. படிகள் இறங்கிப் போனால், குகையை அணைத்துக் கட்டிய சிற்றாலயம். தாழ்ந்த பாறைக் கூரையில் மூன்றாகப் பிளந்த வெடிப்பு இருக்கிறது. குரல் கேட்ட இடம் என்கிறது மரபு. யோவான் தலை சாய்த்ததாகச் சொல்லும் குழிவுக்கு வெள்ளி வளையம் போட்டிருக்கிறார்கள். அவர் சொல்லச் சொல்லச் சீடர் பிரொகோர் எழுதினார் என்பதும் மரபே. எழுதியவர் அப்போஸ்தலன் யோவானா, அதே பெயருள்ள இன்னொரு மூப்பரா என்ற கேள்வியை 3-ஆம் நூற்றாண்டிலேயே அலெக்சாந்திரியா தியோனீசியு எழுப்பினார். அந்த விவாதம் தொடரட்டும். ஊரைவிட்டுத் தள்ளிவைக்கப்பட்ட ஒரு மேய்ப்பர், கடலுக்கு அப்பால் இருந்த தம் ஜனங்களை எண்ணி இந்தத் தீவில் எழுதினார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

மடத்து அருங்காட்சியகத்தில், ஊதா நிறத் தோலில் வெள்ளி எழுத்தால் எழுதிய 6-ஆம் நூற்றாண்டு மாற்கு சுவிசேஷத்தின் ஏடுகளைப் பார்க்கலாம். அந்தப் பிரதியில் 33 ஏடுகள் பத்முவில் இருக்கின்றன. பெரும்பகுதி ரஷ்யாவில் இருக்கிறது.

நம் சபைகளில் வெளிப்படுத்தின விசேஷம் என்றால் 666, மிருகம், உலக முடிவு என்றே பேச்சு. அன்றன்றைய செய்தித்தாளை வைத்துக்கொண்டு யார் அந்திக்கிறிஸ்து என்று கணக்குப் போடுகிறோம். சிறுவயதில் அந்தக் கூட்டங்களுக்குப் போய்விட்டுப் பயந்து படுத்த பிள்ளைகள் நம்மில் எத்தனை பேர்! காலையில் அந்தப் பேரரசக் கோயிலையும் மாலையில் இந்தக் குகையையும் பார்த்தவன் என்ற முறையில் கேட்டுக்கொள்கிறேன்: பயமுறுத்த எழுதிய புத்தகம் அல்ல இது. பயந்துகொண்டிருந்தவர்களுக்குத் தைரியம் சொல்லி வந்த கடிதம். உங்கள் ஊர்க் கோயில்களும் சந்தைகளும் நிலைத்திருக்கப்போவதில்லை, நீங்கள் அன்பில் நிலைத்திருங்கள் என்பதே அதன் சாரம்.

முதல் அதிகாரம் இதை வாசிக்கிறவனையும் கேட்கிறவர்களையும் சேர்த்தே வாழ்த்துகிறது. சபை கூடியிருக்க ஒருவர் உரக்கப் படிப்பதற்கென்றே எழுதியது இது. ஆகவே உங்கள் சபையில் ஒரு மாலை இரண்டாம், மூன்றாம் அதிகாரங்களை மட்டும் சத்தமாகப் படித்துப் பாருங்கள். எபேசுவின் பெயர் வரும் இடத்தில் உங்கள் ஊர்ப் பெயரை வைத்துக் கேளுங்கள். மிருகங்களிடம் பிறகு வரலாம்.

அடுத்த வாரம்: ரோது தீவில், பவுல் கரையிறங்கியதாகச் சொல்லும் லிந்தோஸ் வளைகுடா.

(பயணம் தொடரும்)