மங்கல் தருக்கம்

மங்கல் தருக்கம் என்பது, ஒரு கூற்று முழு உண்மையாகவோ முழுப் பொய்யாகவோ மட்டுமே இருக்க வேண்டும் என்ற கட்டாயத்தைத் தளர்த்தி, அது 0 முதல் 1 வரையுள்ள எந்த அளவிலும் உண்மையாக இருக்கலாம் என ஏற்கும் கணிதத் தருக்க முறை ஆகும். இதைத் தெளிவிலாத் தருக்கம் என்றும் சொல்வதுண்டு. சலவை இயந்திரங்களின் மேல் ஒட்டியிருக்கும் "ஃபஸி லாஜிக்" என்ற பெயர்தான் பலருக்கும் பழக்கம். பெயரைப் பார்த்து இது குழப்பமான தருக்கம் என்று எண்ண வேண்டியதில்லை. நாம் அன்றாடம் பேசும் சொற்கள்தான் மங்கலானவை. அவற்றைக் கையாளும் கணக்கு மிகத் துல்லியமானது.

கனமழை எங்கே தொடங்குகிறது?

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், கல்வராயன் மலைமேல் உள்ள ஊர் கரியாலூர். அங்கே ஒரே நாளில் 64.4 மி.மீ. மழை பெய்ததாகக் கொள்வோம். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வகைப்பாட்டில் அது மிதமான மழை. 64.5 மி.மீ. பெய்திருந்தால் கனமழை. 115.6 மி.மீ. முதல் மிக கனமழை, 204.4 மி.மீ.-ஐத் தாண்டினால் அதி கனமழை. எச்சரிக்கை விடுப்பதற்கும் பதிவேட்டில் எழுதுவதற்கும் இப்படி ஒரு கோடு தேவைதான். ஆனால் மலைச்சரிவில் இறங்கும் ஓடைக்கு 0.1 மி.மீ. வேறுபாடு தெரியாது. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு முடிவு, அந்தப் பக்கம் முற்றிலும் வேறொரு முடிவு என்று ஓர் இயந்திரத்தை அமைத்தால், அது கோட்டின் அருகே திடீர் திடீரென்று தாவும்.

பள்ளியில் படிக்கும் கணக் கோட்பாடு இத்தகைய கோடுகளின் மேல் எழுந்தது. ஓர் உறுப்பு கணத்துக்குள் இருக்கும், அல்லது வெளியே இருக்கும். மங்கல் கணத்தில் ஓர் உறுப்பு பாதி உள்ளேயும் இருக்கலாம். எந்த அளவுக்கு உள்ளே இருக்கிறது என்பதைக் காட்டும் எண்ணே உறுப்பாண்மை அளவு. "கனமழை" என்ற கணத்தில் 40 மி.மீ. மழைக்கு உறுப்பாண்மை 0 என்றும், 90 மி.மீ. மழைக்கு 1 என்றும், இடையில் அது சீராக உயர்கிறது என்றும் வைத்துக்கொண்டால், 65 மி.மீ. மழைக்கு 0.5 வரும். 64.4-க்கு 0.488, 64.5-க்கு 0.490. மதில் இருந்த இடத்தில் இப்போது ஒரு சரிவு.

இதை நிகழ்தகவு என்று எண்ணுவது மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. "நாளை கனமழை பெய்ய 70 சதவீத வாய்ப்பு" என்பது நடக்குமா நடக்காதா என்று தெரியாத ஒன்றைப் பற்றிய பேச்சு. "நேற்றுப் பெய்தது 0.7 அளவுக்குக் கனமழை" என்னும்போது மழை பெய்து முடிந்துவிட்டது, அளந்தும் ஆயிற்று. அந்தச் சொல் அந்த மழைக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பது மட்டுமே இங்கே கேள்வி.

தோற்றம்

பாக்கூ நகரில் 1921-ல் பிறந்து, அமெரிக்காவின் பெர்க்லி நகரிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த லோட்ஃபி சாதே, மங்கல் கணங்கள் பற்றிய தம் கட்டுரையை 1965-ல் வெளியிட்டார். உண்மை, பொய் என்ற இரண்டுக்கு அப்பால் மூன்றாவது மதிப்பு ஒன்றைப் போலந்து அறிஞர் யான் லுகாசியெவிச் 1920-லேயே முன்வைத்திருந்தார். ஆனால் நாம் பேசும் சொற்களையே கணக்கில் கொண்டுவரும் வழியைத் திறந்தவர் சாதே. வரவேற்பு ஒன்றும் பெரிதாக இல்லை. கட்டுப்பாட்டுப் பொறியியலில் பெரும் பெயர் பெற்ற ருடால்ஃப் கால்மன் 1972-ல் இதைக் கடுமையாகச் சாடினார். அறிவியல் என்பது துல்லியத்தை நோக்கிப் போக வேண்டியது என்ற எண்ணம் வலுவாக இருந்த காலம் அது; "மங்கல்" என்ற பெயரே சாதேவுக்கு எதிராக வேலை செய்தது எனலாம்.

வாதத்தால் அல்ல, ஒரு சிறிய நீராவி எந்திரத்தால்தான் நிலைமை மாறத் தொடங்கியது. தான்சானியாவில் பிறந்து புனேயில் பொறியியல் படித்த இப்ராகிம் மம்தானி, லண்டன் குவீன் மேரி கல்லூரியில் தம் மாணவருடன் சேர்ந்து, மனித இயக்குநர் சொல்லக்கூடிய "அழுத்தம் சற்றுக் கூடினால் வெப்பத்தைக் கொஞ்சம் குறை" என்பது போன்ற விதிகளை மட்டும் கொண்டு அந்த எந்திரத்தை இயக்கிக் காட்டினார். 1970-களின் நடுவில் வெளியான அந்தச் சோதனையிலிருந்தே மங்கல் கட்டுப்பாடு என்ற துறை வளர்ந்தது.

ஒரு மதகுக் கணக்கு

விதிகளிலிருந்து ஓர் எண் எப்படி வருகிறது என்பதை அறிய, மீண்டும் கல்வராயன் மலைக்கே வரலாம். மலையில் பெய்யும் மழை, அடிவாரத்தில் கச்சிராயப்பாளையம் அருகேயுள்ள கோமுகி அணைக்கு இறங்குகிறது. அணையின் உயரம் 46 அடி. இங்கே தருவது விளக்கத்துக்கான கற்பனைக் கணக்கு. அணையின் உண்மையான இயக்க விதி அல்ல.

நீர்மட்டம் 40 அடியில் "உயர்வு" என்பதன் அளவு 0, 44 அடியில் 1 எனக் கொள்வோம். விதிகள் மூன்று. மட்டம் உயர்வாகவும் மலையில் கனமழையாகவும் இருந்தால் மதகை 100 செ.மீ. திற. மட்டம் உயர்வு, ஆனால் கனமழை இல்லை என்றால் 30 செ.மீ. திற. மட்டம் உயர்வாக இல்லாவிட்டால் மூடியே வை.

இப்போது மட்டம் 43 அடி. கரியாலூர்ப் பக்கம் 60 மி.மீ. மழை. "உயர்வு" 0.75, "உயர்வு இல்லை" 0.25. "கனமழை" 0.4, "கனமழை இல்லை" 0.6. "மற்றும்" என்று இரண்டு நிபந்தனைகள் சேரும் இடத்தில் சிறிய எண்ணை எடுத்துக்கொள்வது வழக்கம். ஆகவே முதல் விதி 0.4 அளவுக்கும், இரண்டாவது 0.6 அளவுக்கும், மூன்றாவது 0.25 அளவுக்கும் செயல்படுகின்றன. ஒவ்வொரு விதியும் சொல்லும் திறப்பை அதன் அளவால் பெருக்கிக் கூட்டினால் 40 + 18 + 0 = 58. அதை அளவுகளின் கூட்டுத்தொகையான 1.25-ஆல் வகுத்தால் 46.4 செ.மீ. மழை 70 மி.மீ. ஆக உயர்ந்தால் இதே கணக்கு 57.6 செ.மீ. என்று விடை தரும். ஒரே அடியாக 30-லிருந்து 100-க்குப் பாயாது. ஆற்றங்கரையில் துணி துவைப்பவருக்கும், மாடு ஓட்டிக்கொண்டு ஆற்றைக் கடப்பவருக்கும் இந்த வேறுபாடு சிறியதல்ல.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நீர்மட்டம் ஒரே நேரத்தில் 0.75 அளவுக்கு உயர்வாகவும் 0.25 அளவுக்கு உயர்வற்றதாகவும் இருக்கிறது. "அ அல்லது அ அல்லாதது, இடையில் ஏதும் இல்லை" என்ற பழைய தருக்க விதி இங்கே செல்லாது. கால்மன் போன்றோரை உறுத்தியதில் வியப்பில்லை. ஆனால் மூன்று விதிகளும் ஒன்றையொன்று மறுக்காமல் சேர்ந்து வேலை செய்வது இதனால்தான்.

இன்னொன்று, 40, 90 என்ற எல்லைகளைத் தந்தது கணிதம் அல்ல. மலையில் வாழ்பவர் கனமழை என்று சொல்வதும், கள்ளக்குறிச்சியின் சமவெளியில் இருப்பவர் சொல்வதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. யாரைக் கேட்டு எல்லை வரைகிறோமோ, அவருடைய அனுபவமே கணக்குக்குள் போகிறது. முறையின் வலிமையும் பலவீனமும் அதுவே.

பயன்கள்

தொழிலில் முதலில் இடம்பிடித்த பயன்களுள் ஒன்று டென்மார்க்கின் சிமென்ட் சூளை. ஜப்பானின் செண்டாய் நகரில் 1987-ல் திறக்கப்பட்ட சுரங்க ரயிலில், வேகமெடுப்பதையும் பிரேக் பிடிப்பதையும் ஹிட்டாச்சி நிறுவனத்தின் மங்கல் கட்டுப்பாடு கவனித்தது. குலுக்கலின்றி வண்டி நிற்பதே அதன் புகழ். அடுத்த சில ஆண்டுகளில் சலவை இயந்திரம், சோறு வடிக்கும் மின்குக்கர், ஒளிப்படக் கருவி என வீட்டுப் பொருள்களில் அது நுழைந்தது. சலவை இயந்திரத்தில் துணியின் எடையையும் நீரின் கலங்கலையும் உணரிகள் அளக்கின்றன. "துணி அதிகம், அழுக்கு நடுத்தரம்" என்பது போன்ற விதிகள் நீரையும் நேரத்தையும் முடிவு செய்கின்றன. இந்தியக் கடைகளில் அந்தப் பெயர் ஓட்டுவில்லையாக ஒட்டப்பட்டபோது, உள்ளே என்ன நடக்கிறது என்று விளக்கியவர்கள் குறைவு.

தமிழ்நாட்டில் இது வேறொரு திசையிலும் சென்றது. சென்னை ஐ.ஐ.டி.யின் கணிதப் பேராசிரியராக இருந்த வ. பா. வசந்தா கந்தசாமி, மங்கல் அறிதல் வரைபடங்களைச் சமூகச் சிக்கல்களுக்குப் பயன்படுத்தினார். பார்ட் கோஸ்கோ 1986-ல் முன்வைத்த இம்முறையில், வேலையின்மை, இடப்பெயர்வு, குடும்பத்தைப் பிரிந்திருத்தல், நோய் பற்றிய அறியாமை போன்றவை புள்ளிகளாகவும், ஒன்று மற்றொன்றைக் கூட்டுவதும் குறைப்பதும் அம்புகளாகவும் வரையப்படும். எளிய வடிவில் அம்புகளுக்கு +1, 0, -1 என்ற மதிப்புகளே போதும். ஒரு புள்ளியைத் "தூண்டிவிட்டு", எவையெவை தொடர்ந்து விழித்துக்கொள்கின்றன என்று அணிப் பெருக்கலால் பார்க்கலாம். தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து வேலை தேடிச் சென்று எச்.ஐ.வி. தொற்றுக்கு ஆளான புலம்பெயர் தொழிலாளர்களின் நிலையை இம்முறையில் ஆராய்ந்த நூலை, ஃபுளோரென்டின் ஸ்மரன்டாஷேவுடன் இணைந்து 2004-ல் அவர் வெளியிட்டார். கேட்டறிந்த வாழ்க்கைகளில் எண்கள் அரிதாகவும் காரணங்கள் மிகுதியாகவும் இருக்கும் இடத்தில் இம்முறை உதவுகிறது. ஆனால் அம்புகளை வரைந்தவரின் கருத்தைத் தாண்டி அது எதையும் நிறுவுவதில்லை என்பதையும் மறக்கக் கூடாது.

நடைமுறையில் பெரிய இடர், விதிகளின் பெருக்கம். ஐந்து உள்ளீடுகள், ஒவ்வொன்றுக்கும் "குறைவு, நடுத்தரம், அதிகம்" என மூன்று சொற்கள் என்றால் 243 விதிகள் வந்துவிடும். அவ்வளவையும் எந்த அனுபவசாலியும் உட்கார்ந்து சொல்ல மாட்டார். அதனால் 1990-களிலிருந்து விதிகளின் எல்லைகளைத் தரவுகளிலிருந்தே கற்கும் நரம்பு-மங்கல் முறைகள் பரவின. வெறும் நரம்பு வலையமைப்பைப் போலன்றி, கற்று முடித்த பின்னும் அவற்றின் விதிகளைச் சொற்களாக வாசித்துப் பார்க்க முடியும். மதகைத் திறக்கும் பொறுப்பில் இருப்பவர் ஏன் 46 செ.மீ. என்று கேட்டால், எந்த விதி எவ்வளவு பங்களித்தது என்று காட்டலாம்.