'வா... வா...' என்று அழைக்கும் கிதார்

கொல்கத்தா: எலெக்ட்ரிக் கிதாரை 'வா... வா...' என்று மனிதக் குரலில் கூப்பிட வைப்பது 'வா பெடல்' எனும் கால்மிதி. அமெரிக்காவில் தாமஸ் ஆர்கன் கம்பெனியில் 1966-ல் உருவானது. எழுபதுகளின் சினிமாப் பாடல்களில் நாம் கேட்டுப் பழகிய ஓசைதான்.

பூஜைப் பந்தலிலும் கல்யாண மேடையிலும் வாசிக்கும் நம் இளைஞர்களுக்கு இது போனஸ் பணத்தில் வாங்கும் பொருள். ஏமாந்தால் அடுத்த போனஸ் வரை காத்திருக்க வேண்டும்!

லால்பஜார் பக்கம் ரவீந்திர சரணியில் வாத்தியக் கடைகள் வரிசையாக உள்ளன. பழைய பெடல் மலிவாகக் கிடைத்தால் ஒதுக்க வேண்டாம். சொந்தக் கிதாரைக் கொண்டுபோய்ச் சோதியுங்கள். மிதியை மெல்ல அசைக்கும்போது கரகரத்தால், உள்ளே ரேடியோவின் வால்யூம் திருகு போன்ற பாகம் அழுக்கேறியோ தேய்ந்தோ இருக்கும். அதை மாற்றிவிடலாம்; அதையே சொல்லி விலையைக் குறையுங்கள். நுனிக்காலால் அழுத்தினால் சுவிட்சு 'க்ளிக்' என்று விழ வேண்டும்.

பிளாஸ்டிக்கில் செய்தது விலை குறைவு. அடிக்கடி மேடை ஏறுபவருக்கு உலோகமே உழைக்கும்.

பெரும்பாலானவை 9 வோல்ட் பாட்டரியில் இயங்குபவை. வாசித்து முடித்ததும் கிதார் வயரை எடுத்துவிடுங்கள். செருகியே வைத்தால் பாட்டரி வீணாகத் தீரும். அடாப்டர் வாங்குவோர் பிளஸ், மைனஸ் முனை பொருந்துகிறதா என்று கேட்டு வாங்குவது நலம்.