நீதிபதிகள் கூடும் அறையும் மக்களும்

அமெரிக்காவில் ஒரு குற்ற வழக்கு விசாரிக்கப்படும் மன்றத்துக்குள், அவ்வழக்கோடு எவ்விதத் தொடர்பும் இல்லாதவரும் சென்று அமரலாம். இவ்வுரிமை அரசியல் சட்டத்தின் பாதுகாப்புப் பெற்றது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1980 இல், ரிச்மண்ட் நகரச் செய்தித்தாள் நிறுவனம் தொடுத்த வழக்கில் தீர்ப்பளித்தது. ஆயினும் நீதிமன்றத்தின் பணி விசாரணையோடு முடிந்துவிடுவதில்லை. நீதிபதிகள் கூடி நிதியைப் பங்கிடுகின்றனர்; வழக்கு நடத்தும் விதிகளை வகுக்கின்றனர். அக்கூட்டங்களில் குடிமக்கள் அமர்ந்து செவிமடுக்க இடமுண்டா என்பதே நாம் ஈண்டு ஆராய எடுத்துக்கொண்ட வினா.

மக்களின் பெயரால் ஆளும் குழுக்கள் முன்னறிவிப்புடன், மக்கள் முன்னிலையில் கூட வேண்டும் என்று கூறும் சட்டங்களை அமெரிக்கர் 'திறந்த கூட்டச் சட்டங்கள்' என்கின்றனர். புளோரிடா மாநிலம் 1967 இல் இயற்றிய சட்டம் இவ்வகையில் புகழ்பெற்றது. மத்திய அரசின் 'சூரிய ஒளிச் சட்டம்' 1976 இல் நிறைவேறியது. இச்சட்டம் 'அரசு முகமை'களையே கட்டுப்படுத்தும். முகமை என்பதன் இலக்கணத்திலிருந்து நீதிமன்றங்கள் விலக்கப்பட்டுவிட்டன. புளோரிடாவின் அரசியல் சட்டத்தில் 1992 இல் சேர்க்கப்பட்ட பிரிவோ இன்னும் வியப்பானது. ஆவணங்களைப் பொறுத்தவரை அது நீதித்துறை உட்பட மூன்று துறைகளையும் பிணைக்கிறது. கூட்டங்களைப் பற்றிப் பேசும்போது நீதித்துறையைக் கூறாமல் விட்டுவிடுகிறது.

இவ்விலக்குக்குக் கூறப்படும் நியாயம் எளிதில் புறந்தள்ளத் தக்கதன்று. தீர்ப்பு எழுதுமுன் நீதிபதிகள் தமக்குள் கலந்துரையாடுவதை ஊரார் கேட்டுக்கொண்டிருந்தால், அங்கே ஐயங்களை மனம்விட்டுப் பேச ஒருவரும் துணியார். இப்பகுப்பு நம் மாணவர்களுக்குப் புதிதன்று. காழி வெளிப்படையாக அமர்ந்தே வழக்குக் கேட்க வேண்டும், அயலூரார்க்கு அவர் இருக்குமிடம் தெரியாமல் போய்விடக் கூடாது என்பதற்காகவே பள்ளிவாசலில் அமர்வது என்று ஹிதாயாவில் இமாம் மர்கீனானீ (ரஹ்) காரணம் கூறுவதை அவர்கள் படித்திருப்பார்கள். விசாரணைக்குத் திறந்த அவை, தீர்ப்பைச் சிந்திக்கத் தனிமை. இவ்விரண்டிலும் கருத்து வேறுபாடு பெரிதாக இல்லை. நிதியும் விதியும் பேசப்படும் மூன்றாவது வகைக் கூட்டத்துக்கும் அத்தனிமையை நீட்டுவதே நமக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை.

மத்திய நீதிமன்றங்களின் நடைமுறை விதிகளை, 1934 ஆம் ஆண்டுச் சட்டம் தந்த அதிகாரத்தின்படி நீதித்துறையே வகுக்கிறது. ஆலோசனைக் குழுக்கள் வரைவை ஆக்கும். அது நிலைக்குழு வழியாக நீதித்துறை மாநாட்டுக்கும் பின்னர் உச்ச நீதிமன்றத்துக்கும் செல்லும். மே முதல் நாளுக்குள் காங்கிரஸுக்கு அனுப்பப்பட்ட விதியை, காங்கிரஸ் தடுக்காவிடில், அது டிசம்பர் முதல் நாள் நடைமுறைக்கு வரும். இவ்வளவு அதிகாரம் உடைய குழுக்கள் மூடிய கதவுக்குள் கூடலாகாது என்று காங்கிரஸ் 1988 இல் சட்டம் செய்தது. ஆர்வமுள்ளோர் வந்து சேரப் போதிய முன்னறிவிப்பு வேண்டும். நடவடிக்கைக் குறிப்புகள் மக்களுக்குக் கிடைக்க வேண்டும். கதவை மூட வேண்டுமாயின், பெரும்பான்மையோர் வந்திருக்கும் திறந்த அமர்விலேயே அதனை முடிவுசெய்து, காரணத்தையும் கூற வேண்டும். மூடுவதற்குரிய முடிவையும் மக்கள் கண்முன்னே எடுக்கச் செய்த இந்நிபந்தனையே அச்சட்டத்தின் உயிர்நாடி என்பது நம் கருத்து.

இதனால் விளைந்தது யாது? 2013 ஆகஸ்டில் உரிமையியல் விதிகளுக்குரிய குழுவின் திருத்த வரைவு வெளியிடப்பட்டது. விசாரணைக்கு முன்பே எதிர்த்தரப்பினரிடமும் சாட்சிகளிடமும் வாய்மொழி வாக்குமூலம் பெறுவது அமெரிக்க வழக்குமுறை. ஒரு தரப்பு பத்து வாக்குமூலங்கள் பெறலாம் என்றிருந்த வரம்பை ஐந்தாகவும், எதிர்த்தரப்பிடம் எழுத்தில் கேட்கும் வினாக்களை 25 இலிருந்து 15 ஆகவும் குறைக்க அவ்வரைவு முனைந்தது. செலவைக் குறைப்பது நோக்கம் என்றனர். ஆனால் பணியிடத்தில் பாகுபாட்டுக்கு ஆளான ஒரு தொழிலாளியை எண்ணிப் பாருங்கள். அவருக்குத் தேவையான சான்றுகள் அனைத்தும் நிறுவனத்தின் கையிலும் அதன் அலுவலர்களின் நினைவிலுமே இருக்கும். வாக்குமூலங்களின் எண்ணிக்கை பாதியானால் அவரது வழக்கே பாதியாகிவிடும். மூன்று நகரங்களில் பொதுவிசாரணை நடந்தது. 2,300க்கும் மேற்பட்ட கருத்துரைகள் வந்தன. குழு அவ்வரம்புகளைக் கைவிட்டது. எஞ்சிய திருத்தங்கள் 2015 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தன. நீதிபதிகளின் சுதந்திரம் இதனால் சிறிதும் குன்றிவிடவில்லை.

நிதியைப் பற்றிய பாடம் கலிபோர்னியாவில் கிடைக்கிறது. அம்மாநில நீதிமன்றங்கள் அனைத்தையும் இணைக்கும் கணினித் திட்டம் ஒன்றை அங்குள்ள நீதித்துறை மன்றம் மேற்கொண்டது. 2004 இல் 26 கோடி டாலராக இருந்த மதிப்பீடு, 2010 இல் 190 கோடியாக உயர்ந்திருந்ததை மாநிலத் தணிக்கையர் 2011 இல் வெளிப்படுத்தினார். ஏறத்தாழ 50 கோடி டாலர் செலவான பின், 2012 மார்ச்சில் அத்திட்டம் கைவிடப்பட்டது. நிதி வெட்டினால் நீதிமன்றங்கள் மூடப்பட்டுவந்த காலம் அது. மன்றத்தின் முறையான கூட்டங்கள் திறந்தவையே. அதன் ஆலோசனைக் குழுக்கள் அவ்வாறில்லை. அவற்றையும் திறக்குமாறு சட்டமன்றம் வரவு செலவுத் திட்டத்தில் சேர்த்த நிபந்தனையை 2013 இல் ஆளுநர் ஜெரி பிரவுன் நீக்கினார். எனினும் மன்றமே ஒரு விதியை வகுத்து, 2014 ஜூலை முதல் அக்குழுக்களின் கூட்டங்களைத் திறந்துவிட்டது. சில குழுக்களுக்கு விலக்குண்டு. விதியை வகுத்தவர்களே அதை மாற்றவும் கூடும் என்பதால், இதனைச் சட்டத்துக்கு நிகராகக் கொள்வதற்கில்லை.

மத்திய நீதித்துறையின் தலைமைக் கூட்டமோ 1988 ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வெளியே நிற்கிறது. தலைமை நீதிபதியையும் சேர்த்து 27 பேர் கொண்ட நீதித்துறை மாநாடு, மார்ச்சிலும் செப்டம்பரிலுமாக ஆண்டுக்கு இருமுறை கூடுகிறது. விதிக்குழுவில் திறந்த அவையில் விவாதிக்கப்பட்ட வரைவு ஒப்புதலுக்கு அங்கே செல்லும்போது கதவு சாத்தப்படுகிறது. முடிவுகளைக் கூறும் அறிக்கை பின்னர் வெளியாகும். அம்முடிவுக்கு யார் என்ன கூறினர் என்பது அதில் இடம்பெறுவதில்லை.