கடற்றிவலையும் சூறாவளியும்

மணிக்கு ஏறக்குறைய 118 கிலோமீற்றருக்கு மேற்பட வீசுங் காற்றினைச் சூறாவளி வேகக் காற்று என்பர். அவ்வேகத்திற் கடல் எங்கே முடிகின்றது, வளி எங்கே தொடங்குகின்றது என வரையறுத்தல் எளிதன்று. காற்று அலைகளின் முடிகளைக் கிழித்தெறிகின்றது; நுரைக் குமிழிகள் உடைந்து நுண்டுளிகளை வீசுகின்றன. இவை இரண்டுஞ் சேர்ந்து வெண்புகைபோற் கடலை மூடுகின்றன. இத்திவலைகள் புயலின் வலிமையைக் கூட்டுகின்றனவா, குறைக்கின்றனவா என்பதே ஈண்டு ஆராயப்படும் வினா.

சூறாவளிக்கும் வரவு செலவு உண்டு. கடலிலிருந்து பெறும் வெப்பமே அதன் வரவு. ஒரு கிராம் நீர் ஆவியாவதற்கு ஏறக்குறைய 580 கலோரி வெப்பம் வேண்டும். ஆவி மேலேறி முகிலாக ஒடுங்கும்பொழுது அவ்வெப்பம் வெளிப்பட்டுப் புயலை இயக்குகின்றது. கடற்பரப்பின்மீது காற்று உராய்ந்து இழக்குஞ் சத்தியே செலவு. இவ்விரண்டின் விகிதமே புயல் எய்தக்கூடிய உச்ச வேகத்தைப் பெரிதும் நிருணயிக்கின்றதென 1986இல் கெரி இமானுவேல் என்னும் அமெரிக்க அறிஞர் விளக்கினார்.

இங்கே ஒரு சிக்கல் எழுந்தது. காற்று வலுக்க அலைகள் உயரும்; பரப்புக் கரடாகும்; உராய்வுக் குணகமும் ஏறும். அவ்வேற்றம் ஓயாது தொடருமாயின் கடும் புயல்கள் நிலைபெறுதல் அரிது. ஆயினும் அவை தோன்றுகின்றன அன்றோ? விமானங்களிலிருந்து புயலினுள் இடப்பட்ட கருவிகளின் அளவீடுகளை ஆராய்ந்து, மார்க் பவல் என்பாரும் அவர்தந் துணைவர்களும் 2003இல் விடை கண்டனர். செக்கனுக்கு 33 மீற்றர் வேகத்தை அணுகும்பொழுது உராய்வுக் குணகத்தின் ஏற்றம் நின்றுவிடுகின்றது. நுரையும் திவலையும் அலைகளின் கரட்டுத்தன்மையை மறைப்பது இதற்கு ஒரு காரணமாகலாம் என்பர். பாரமான துளிகள் நிறைந்த கீழ்க்காற்றிற் சுழிப்பு அடங்குவதும் மற்றொரு காரணமாகக் கூறப்படும். இதிற் கருத்து வேற்றுமை இன்னும் உண்டு.

வெப்பப் பரிமாற்றமோ இதனினும் நுட்பமானது. மில்லிமீற்றரிற் பத்திலொரு பங்கு ஆரையுள்ள துளியொன்று கடலின் வெப்பநிலையோடு மேலெழுகின்றது. ஒரு செக்கனுக்குள் அது சுற்றியுள்ள காற்றினுங் குளிர்ந்துவிடும். முற்றாகச் சுருங்குவதற்கோ பல நிமிடங்கள் வேண்டும். அத்துளி காற்றிலே நெடிது தங்கி ஆவியாகுமாயின், அதற்கு வேண்டிய வெப்பத்தைக் காற்றிடமிருந்தே பெறும்; காற்று ஈரமாகும், ஆனாற் குளிரும். ஆகவே புயலுக்கு நிகர ஊதியம் மிகச் சிறிதே. மாறாக, சிறிதே ஆவியாகிக் குளிர்ந்தபடி கடலில் மீண்டும் விழுமாயின், அது கொண்டுசென்ற வெப்பத்தின் ஒரு பகுதி காற்றிலே எஞ்சிவிடும். அதுவே புயலின் மெய்யான வரவு. எனவே, எழுந்த துளிகளின் தொகையினும், அவற்றின் பருமனும் அவை காற்றிலே தங்குங் காலமுமே கருதத்தக்கன.

இஃது ஏட்டளவில் அமையும் ஆராய்ச்சியன்று. புயல் செல்லும் பாதையை முன்னறிதல் பெரிதும் திருந்தியுள்ளது. அதன் வலிமையை முன்னறிதலோ அதனினும் அரிதாயிருக்கின்றது. 1964இல் தனுஷ்கோடி அழிந்ததையும், 1978இல் மட்டக்களப்புச் சிதைந்ததையும் அறிந்த நமக்கு இதன் பயன் சொல்லாமலே விளங்கும். கரையை அணுகும் புயல் வலுக்குமா தளருமா என்பதை ஒரு நாள் முன்னரே துணிந்து கூற இயலுமாயின் எத்தனை உயிர்கள் காக்கப்படும்! அவ்விடையின் ஒரு பகுதி கண்ணுக்குப் புலனாகாத் துளிகளிலே தங்கியுள்ளது. பௌதிகங் கற்கும் நம் மாணவர் இத்துறையிலும் கருத்தைச் செலுத்துவாராக.