தூளிலிருந்து மீளுதல்: தடுத்து வைப்பதா, துணை நிற்பதா?

கண்டியிலிருந்து மஹியங்கனைக்குப் போகும் வீதியில், தெல்தெனியவைத் தாண்டி மலையேறினால் ஹுன்னஸ்கிரிய வரும். எங்கள் லயத்துக்குள் சிக்னல் கிடைக்காது. மேலே தேயிலைக்கு நடுவில் ஒரு வளைவில் மட்டும்தான் கிடைக்கும். தம்பி ஒவ்வொரு இரவும் ஒன்பது மணிக்கு அங்கே போகத் தொடங்கியபோது, மறுபடியும் தூள் வாங்கத்தான் போகிறான் என்று அம்மா அழுதார். ஒருநாள் நான் பின்னால் போனேன். இருட்டில் தனியாக நின்று, கைத்தொலைபேசியில் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தான்: "இண்டைக்கு நாற்பத்தொராவது நாள். மத்தியானம் சரியான கஷ்டம். தாண்டியிட்டன்."

அவன் சம்மதித்ததால் இதை எழுதுகிறேன். அந்தக் குழுவில் உள்ள மற்றவர்களை அடையாளம் காட்டும் எதையும் எழுதவில்லை.

1977 கலவரத்துக்குப் பிறகு தாத்தா குடும்பத்தோடு வன்னிக்குப் போனார். 2009 இல் எல்லாவற்றையும் இழந்து, உறவினர்களை நம்பி மலைக்கே திரும்பினோம். தம்பியின் தொடையில் ஷெல் துண்டு ஒன்று இன்னும் இருக்கிறது. அந்த வலிக்குக் கொடுக்கப்பட்ட டிரமடோல் குளிசையை, துண்டு முடிந்த பிறகும் வெளியில் வாங்கிப் போட்டான். கொழும்புக்கு வேலைக்குப் போன இடத்தில் அது தூளாக மாறியது.

டிரமடோல், மோர்பின், ஹெரோயின் எல்லாம் ஒரே குடும்பம். வலியை அடக்கும் அதே வழியால்தான் இவை மூளையைப் பழக்கப்படுத்துகின்றன. பழகிய உடம்புக்கு முன்பிருந்த அளவு போதாது. நிறுத்தினால், கடைசியாக எடுத்து 8 முதல் 24 மணித்தியாலங்களுக்குள் உடம்பு நோவு, வயிற்றோட்டம், வியர்வை, நித்திரையின்மை தொடங்கிவிடும். ஹெரோயின் என்றால் இது 4 முதல் 10 நாட்கள் வரை நீடிக்கும். இந்தக் கட்டத்தில் ஒருவர் தூளைத் தேடுவது சந்தோஷத்துக்காக அல்ல, நோகாமல் இருப்பதற்காக. இதைத் தெரிந்துகொள்ளாமல்தான் நானும் அவனை "மானம் கெட்டவன்" என்று ஏசினேன்.

உடம்பு நோவு அடங்கிய பிறகும் ஆசை அடங்குவதில்லை. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் திரும்பி வரும். வைத்தியர் கிளினிக் நாளில்தான் இருப்பார். ஆசை நடுச்சாமத்தில் வரும். அந்த இடைவெளியை நிரப்புவது, அதே பாதையில் நடந்து வந்த இன்னொருவரின் குரல்.

இது புதிய யோசனை அல்ல. 1953 இல் கலிபோர்னியாவில் தொடங்கிய 'நார்கோட்டிக்ஸ் அனானிமஸ்' இதே அடிப்படையில் இன்று உலகமெங்கும் கூடுகிறது. அங்கே பெயர் கேட்பதில்லை, காசு கேட்பதில்லை. பர்மிய எல்லையை ஒட்டிய மணிப்பூரில், துப்பாக்கிகளுக்கும் ஹெரோயினுக்கும் நடுவில், போதையிலிருந்து மீண்டவர்களே 'சாசோ' என்ற அமைப்பை உருவாக்கினார்கள். 2020 இல் கொரோனா ஊரடங்கு வந்தபோது, உலகெங்கும் இப்படியான கூட்டங்கள் தொலைபேசிக்குள் வந்தன. அதனால்தான் ஒரு மலை வளைவில் நிற்பவனும் இன்று ஒரு கூட்டத்தில் இருக்க முடிகிறது.

நமக்கு இதில் இன்னொரு விடயமும் இருக்கிறது. 'புனர்வாழ்வு' என்ற சொல்லைக் கேட்டால் நம்மில் பலருக்கு முள்வேலிதான் ஞாபகம் வரும். போர் முடிந்ததும் ஏறத்தாழ 12,000 முன்னாள் போராளிகள் அந்தப் பெயரில் தடுத்து வைக்கப்பட்டார்கள். அந்த முகாம்களில் ஒன்றான வெலிக்கந்தைக்கு அருகிலுள்ள கண்டக்காட்டுக்குத்தான் பிறகு போதைக்கு அடிமையானவர்கள் அனுப்பப்பட்டார்கள். 2022 ஜூன் இறுதியில் அங்கே ஒருவர் இறந்ததைத் தொடர்ந்து நூற்றுக்கணக்கானோர் தப்பியோடினார்கள். 2023 டிசம்பரில் 'யுக்திய' நடவடிக்கை தொடங்கிய பிறகு பயம் இன்னும் கூடியது. உதவி கேட்டால் பிடித்துக்கொண்டு போவார்கள் என்ற எண்ணத்தில் எத்தனையோ குடும்பங்கள் பிள்ளையை அறைக்குள் பூட்டி வைக்கின்றன. நாங்களும் வைத்தோம்.

பூட்டி வைப்பதில் ஓர் உயிராபத்து உண்டு. சில வாரங்கள் தூள் இல்லாமல் இருந்தால் உடம்பு அதன் தாங்கும் சக்தியை இழந்துவிடும். வெளியே வந்து பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். தம்பியின் குழுவில் ஒருவர் ஐந்து மாதம் உள்ளே இருந்து வெளியே வந்த மூன்றாம் நாள் இறந்துபோனார். அன்றிரவு தம்பி வளைவிலிருந்து வெகுநேரம் இறங்கி வரவில்லை.

அதற்காகத் தொலைபேசிக் குழு ஒன்றே போதும் என்று சொல்ல மாட்டேன். விற்பவனும் அதே தொலைபேசியில்தான் இருக்கிறான். இன்னொருவருக்குச் சரிவந்த மருந்தை அளவோடு சொல்லிக்கொடுக்கும் குழு ஆபத்தானது. தம்பியின் குழுவில் மூன்று விடயங்கள் கண்டிப்பு: மருந்து அளவு பேசக்கூடாது, படம் எடுக்கக்கூடாது, சறுக்கியவரை ஏசக்கூடாது. மெத்தடோன், புப்ரெனோர்பின் ஆகிய இரு மருந்துகளையும் உலக சுகாதார நிறுவனம் 2005 இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதை வைத்தியர்தான் தீர்மானிக்க வேண்டும். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற இலக்கத்துக்கு அழைத்து ஆலோசனை கேட்கலாம். மூச்சு மெதுவாகி, உதடு நீலமாகி, எழுப்பினாலும் எழும்பாவிட்டால், பொலிஸுக்குப் பயந்து காத்திருக்காமல் உடனே 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

அன்று வளைவில் என்னைக் கண்டதும் தம்பி திடுக்கிட்டான். பிறகு சொன்னான்: "இங்க ஒருத்தரும் என்னை ஏசேல்ல, அக்கா. எல்லாரும் இதைக் கடந்து வந்த ஆக்கள்."

ஏசியவர்களில் முதல் ஆள் நான்தான். இப்போது ஒன்பது மணிக்கு டோர்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு அந்த வளைவு வரை நானும் போகிறேன். கொஞ்சம் தள்ளி, கேட்காத தூரத்தில் நிற்பேன். முடிந்ததும் இருவரும் சேர்ந்து இறங்குவோம்.